நேரிலோ அஞ்சல் வழியிலோ

“பொதுத் தேர்வு எழுதும் மாணவர் ஒருவருக்கு எழுத்துகளை வாசிப்பதிலோ எழுதுவதிலோ இடர்ப்பாடு இருக்கும்பட்சத்தில், அதற்கென நேரிலோ அஞ்சல் வழியிலோ பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரின் சான்றினையும், மருத்துவரின் சான்றினையும் இணைத்துப் பள்ளித் தலைமையாசிரியர் விண்ணப்பித்தால், அம்மாணவருக்குக் கூடுதல் நேரமும், அவர் சொல்லச் சொல்ல எழுதும் ஒருவரும் அனுமதிக்கப்படலாம்.”

விதி இவ்வளவுதான். ஒரே வாக்கியம். அரசு அலுவலகத்தில் விதிகளைப் படித்தும், படிக்காதவர்களுக்கு எடுத்துச் சொல்லியும் காலம் தள்ளிவிட்டு, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்த வாக்கியம் எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. கடைசியில் ஒரு ‘லாம்’ வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அந்த விகுதி இருக்கிறவரை எந்த அலுவலரும் எதற்கும் பொறுப்பில்லை. என் கண் முழுவதும் அந்த ‘லாம்’ மீதே இருந்தது. ஆனால் வில்லங்கம் அதிலிருந்து வரவில்லை. யாரும் சந்தேகப்படாத ‘அஞ்சல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

என் தங்கை மந்தைவெளியில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. நாங்கள் இருவரும் பள்ளிக்குப் பின்தெருவில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அவள் செய்து பார்த்துவிட்டு வந்துவிட்டாள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் கோப்புகள் இல்லாத குறையை அவள் தன் பள்ளிக்கூடக் கதைகளால் தீர்த்துவைத்தாள். 1998இல் அவள் கொண்டுவந்த கதை, பத்தாம் வகுப்புக்கு வந்திருந்த ஒரு பெண்ணைப் பற்றியது.

அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். பாடத்தில் எங்கே கேட்டாலும் எழுந்து நின்று ஆதியிலிருந்து அந்தம்வரை சொல்வாள். அதையே தாளில் எழுதச் சொன்னால், எழுத்துகள் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சில வரிகளில் எழுத்தே இருக்காது, அடித்தல் மட்டும். ஆசிரியர்கள் அறையில் இதற்கு ஒருமனதாக ஒரு நோய்க்குறிப்பு எழுதப்பட்டிருந்தது: கொழுப்பு. இவ்வளவு பேசத் தெரிந்தவள் எழுதாமல் இருந்தால் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

“கொழுப்பு இல்லக்கா, வேற ஏதோ” என்றாள் தங்கை. வேறு ஏதோ என்பது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. அடையாறில் ஆசிரியர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அன்று அதற்குப் பெயர் கிடைத்தது: டிஸ்லெக்சியா. அந்தப் பெண்ணிடம் தங்கை இந்தப் பெயரைச் சொன்னபோது அவள் கேட்டாளாம்: “இன்னா டீச்சர், படிக்க வராதவங்களுக்கு வெக்கிற பேரா இது? இதையே படிக்க முடியலயே!”

அவளுக்குச் சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பாக இல்லை. அவளுடைய அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். அதே தெருவில் அத்தை ஒருத்தி சட்டை தைக்கும் கம்பெனியில் இருந்தாள். பத்தாவது தேறாவிட்டால் அந்தப் பெண்ணும் ஜூன் மாதம் அங்கே பட்டன் தைக்கப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. தேறினால் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு. அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

விதியைத் தேடி எடுத்தது நான். அதன்படி, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் சான்று தரவேண்டும். பள்ளியில் அப்படி யாரும் இல்லை. விசாரித்த பள்ளிகளிலும் இல்லை. சான்று கேட்கும் விதியைப் போட்டவர்கள் பயிற்சி தரும் விதியைப் போட மறந்திருந்தார்கள். இதில் எனக்கு வியப்பில்லை. தங்கைதான், “அப்ப நானே பயிற்சி எடுக்கறேன்” என்றாள். அடையாறு கூட்டத்தில் ஒரு துண்டுத்தாள் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு கல்லூரி, இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு, கம்ப்யூட்டர் வழியாகவே பயிற்சி தருகிறதாம். வாரம் ஒரு பாடம் வரும், பதில் எழுதி அனுப்ப வேண்டும், ஆறு மாதம்.

எங்கள் வீட்டில் அப்போது இருந்த நவீன சாதனம் மிக்ஸி. தங்கை அதற்கே பயப்படுவாள்.

எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் மந்தைவெளியில் 5பி பிடித்துத் தி. நகர் போனோம். உஸ்மான் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே பிரௌசிங் சென்டர் வந்திருந்தது. அதுவரை எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஒரு பாய்தான் அதன் முதலாளி. மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு டெலிபோன் லைன். கீழே அண்டா, குண்டான் விலை பேசுகிற சத்தம். மேலே அந்த மோடம் என்கிற பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு சீமையைக் கூப்பிடும். பாதி நாள் சீமை எடுக்காது.

“இன்னைக்கு லைன் சொணங்குது மேடம். ஒரு டீ சாப்புடுங்க, அதுக்குள்ள லண்டன்காரன் வந்துடுவான்” என்பார் பாய்.

பாடம் வந்ததும் அதைப் பிரின்ட் எடுத்துத் தருவார். இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட, கிழித்துக் கிழித்து எடுக்க வேண்டிய நீளத்தாள். வீட்டில் அகராதியும் கையுமாக உட்கார்ந்து தங்கை படிப்பாள். பயிற்சி தந்த அம்மாள் முதல் கடிதத்திலேயே தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘ஹாய்’ என்று ஆரம்பித்திருந்தாள். தங்கை பதிலுக்கு, ‘பெருமதிப்பிற்குரிய அம்மையீர்’ என்பதற்கு நிகரான ஆங்கிலத்தில் எழுதினாள். ஆறு மாதமும் இருவரும் அவரவர் மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை.

நான்காவது பாடமோ ஐந்தாவதோ, ஒரு சோதனை வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், ஆனால் எழுத்துகளைத் திருப்பியும் இடம் மாற்றியும் அச்சிட்டிருந்தார்கள். அதை நேரக்கணக்கு வைத்து, பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர் பாய். தங்கை படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் தடுக்கியது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. பாய்க்கு இது பாடம் என்று தெரியாது.

“இன்னா மேடம், டீச்சரு நீங்களே இப்டி திக்கினு இருந்தா புள்ளைங்க என்னா பண்ணும்?” என்று சிரித்தார். அடுத்த கம்ப்யூட்டரில் ஜாதகம் பொருத்திக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

தங்கை முகம் சிவந்து தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அதை மறுபடி எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். மந்தைவெளி நெருங்கியதும் சொன்னாள்: “அந்தப் பொண்ணு தெனமும் எல்லாப் பீரியடும் இப்படித்தான் உட்கார்ந்திருக்காக்கா.”

பாடங்களில் எல்லா உதாரணமும் ஆங்கிலத்துக்கானவை. அங்கே பிள்ளைகள் இடவலம் மாற்றும் எழுத்துகள் நம்மிடம் இல்லை. நம்மிடம் வேறு வசதிகள் இருக்கின்றன. அதைத் தங்கையே கண்டுபிடித்தாள். அந்தப் பெண் ‘செலவு’ என்று எழுதச் சொன்னால் ‘சலெவு’ என்று எழுதினாள். ‘பெற’ என்பது ‘பறெ’ ஆயிற்று. தங்கை ஒரு வாரம் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் காலையில் காப்பியோடு வந்தாள்.

“அவ தப்பாவே எழுதலக்கா. காதுல விழற வரிசையில எழுதறா. ‘ச’ முதல்ல கேக்குது, அத எழுதறா. அப்புறம் ‘எ’ கேக்குது, கொம்பு போடறா. கொம்பு ‘ச’வுக்குப் பின்னாடி போய் ‘ல’வுக்கு முன்னாடி நின்னுடுது. நாமதான் பின்னாடி கேக்கறத முன்னாடி எழுதறோம்.”

பின்னால் வரவேண்டியது முன்னால் போய் உட்கார்ந்துகொள்வதும், அதற்குக் கொம்பு இருப்பதும், அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்த எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் தங்கைக்கு அது பெரிய விஷயம். தமிழ் எழுத்து வராத கம்ப்யூட்டரில், கொம்பு என்றால் என்ன என்பதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு விவரித்து எழுதினாள். பயிற்சி அம்மாள் மகிழ்ந்துபோய், அந்தக் குழந்தைக்காக அந்தக் குறியைப் பின்னால் எழுதிக்கொள்ள அனுமதிக்க முடியாதா என்று கேட்டிருந்தாள். அதற்கு அரசாணை வேண்டும் என்று எழுதச் சொன்னேன். தங்கை எழுதவில்லை.

அந்தப் பெண் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதுவது ஒரு முறை. சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். கொம்பை மட்டும் முதலில் ஒரு வீட்டின் கதவு மாதிரி நிறுத்திவிட்டு, பிறகு எழுத்தை உள்ளே விட வேண்டும். அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டு உப்புமா எல்லாம் முதலில் எழுத்தாக இருந்ததுதான். ‘செலவு’ சரியாக வந்த அன்று அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

“பெரியம்மா, செலவு வந்துச்சு!”

“அது எல்லா வீட்லயும் தானா வரும்” என்றேன்.

வாசிப்பு தேறியது. எழுத்தும் தேறியது, ஆனால் நத்தை வேகத்தில். பொதுத் தேர்வு மணிக்கணக்குக்குள் அவள் முடிக்க முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. விதியை நம்புவதைத் தவிர வழியில்லை.

டிசம்பரில் பயிற்சி முடிந்தது. சான்றிதழ் கம்ப்யூட்டரில் வந்தது. தங்கை தன் சான்றை எழுதினாள்; மருத்துவரின் சான்றும் வாங்கியாயிற்று. விண்ணப்பத்தை நானே எழுதினேன். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கு வரும் தபால்கள் அவர் மேசையில் நீண்ட ஓய்வு எடுப்பது வழக்கம் என்பதால், பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக எங்கள் வீட்டைக் கொடுத்தேன். விண்ணப்பத்தின் பொருள்: ‘எழுத்துகளை வாசிக்க இயலாத மாணவிக்குச் சலுகை கோருதல்’.

கல்வித் துறை அலுவலகத்தில் தபால் பிரிப்பவர் அந்தப் பொருளைப் படித்திருக்கிறார். எழுத்து வாசிக்க இயலாதவர் என்றால் யார்? எழுதப் படிக்கத் தெரியாதவர். எனவே விண்ணப்பம் முதியோர் எழுத்தறிவுப் பிரிவுக்குப் போயிற்று. அவர்கள் கடமை தவறாதவர்கள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு ஓர் அரிச்சுவடியும், ஒரு சிலேட்டும், அருகிலுள்ள இரவு வகுப்பில் சேர்ந்து பயனடையுமாறு அந்தப் பெண்ணுக்கு ஓர் அன்பான அழைப்பும் வந்தன.

“சிலேட்டு சூப்பரா கீது டீச்சர், ரவை மிச்சம்” என்றாள் அவள்.

நான் புடவை மாற்றிக்கொண்டு நேரில் போனேன். விண்ணப்பத்தை மீட்டு, உரிய பிரிவின் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தேன். நான் யார், எந்தப் பதவியில் ஓய்வு பெற்றேன் என்று தெரிந்ததும் நாற்காலி போடச் சொன்னார். பழைய அலுவலர்களுக்கு நாற்காலி உடனே கிடைக்கும், மற்றதுதான் கிடைக்காது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சிலால் ஓர் இடத்தில் சுழித்தார்.

“மேடம், உங்களுக்குத் தெரியாததில்ல. விதியில நேர்லயோ அஞ்சல் வழியிலயோன்னு இருக்குது. இந்த டீச்சர் பயிற்சிக்கு நேர்ல போனாங்களா?”

“இல்லை.”

“அஞ்சல்ல வந்துச்சா?”

“மின்னஞ்சலில் வந்தது.” அந்தச் சொல் அப்போதுதான் பத்திரிகைகளில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அவர் அதை வாயில் போட்டு மென்று பார்த்தார்.

“மின்னஞ்சல்... அது மின்சாரத்துல வர்றதுங்க. அஞ்சல்னா தபால்காரர் கொண்டாந்து குடுக்கணும்.”

“மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“தெனமும் தாம்பரத்துலேர்ந்து அதுலதானே வரேன்.”

“மின்சார ரயிலும் ரயில்தானே? அப்போது மின்னஞ்சலும் அஞ்சல்தான்.”

பக்கத்து மேசையில் ஓர் எழுத்தர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. யோசித்தார். யோசிக்கிற அலுவலர் ஆபத்தானவர்.

“ரயில்ல வந்தா கையில டிக்கெட் இருக்கும் மேடம். அஞ்சல்னா உறைமேல முத்திரை இருக்கும். நாளைக்குத் தணிக்கைக்காரன் கேட்டா நான் எந்த முத்திரையக் காட்டுவேன்?”

இதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை. காரணம், அவர் சொன்னது சரி. அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தால் இதே கேள்வியைக் கொஞ்சம் நல்ல தமிழில் கேட்டிருப்பேன். “முத்திரை இருந்தால் போதுமா?” என்று மட்டும் கேட்டேன். “முத்திரை இருந்தா நான் ஏன் மேடம் கேக்கப்போறேன்?” என்றார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் அவள் பிரின்ட் எடுத்து வைத்திருந்த பாடங்களை எல்லாம் கேட்டேன். ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனி உறையில் போட்டு, பெறுநர் என்று தங்கையின் பெயரை எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் கல்லூரியின் பெயரை எழுதினால் பொய். ஆகவே ‘கல்லூரிக்காக, மூத்த சகோதரி’ என்று எழுதினேன்.

“உனக்குப் பைத்தியமாக்கா? எங்கிட்ட இருக்கறத எனக்கே தபால்ல அனுப்புவியா?”

“விதி என்ன சொல்லுது? பயிற்சி அஞ்சல் வழியா வரணும். எந்த ஊர்லேர்ந்து வரணும்னு சொல்லல.”

மந்தைவெளித் தபால் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சேர்த்தேன். மறுநாள் எங்கள் தெருத் தபால்காரர் அந்த மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னாக்கா இது? இங்கேந்து போட்டு இங்கியே வாங்கறீங்க. நடுவுல நான் ஒர்த்தன் எதுக்கு?”

“நீதான் முக்கியம். நீ இல்லாவிட்டால் இவள் பயிற்சி பெற்றவள் இல்லை” என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். “இன்னா டீச்சர், அக்காவுக்கு ஒடம்பு சரியில்லயா?” தங்கை அத்தனை ரசீதிலும் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் என்னை ஒருமுறை முறைத்தாள்.

முத்திரை விழுந்த உறைகளையும் ஒப்புகை அட்டைகளையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கண்காணிப்பாளர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முத்திரையின் தேதி பயிற்சி முடிந்ததற்குப் பிந்தையது என்பதை அவர் கவனித்தார். கவனித்ததை நானும் கவனித்தேன். விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“ரொம்பத் தெளிவா இருக்குது மேடம்” என்றார் நிம்மதியாக. “மேல அனுப்பிடறேன். ஆணை தபால்ல வந்துடும்.”

பிப்ரவரி போயிற்று. மார்ச்சும் பாதி போயிற்று. தபால்காரர் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டும்போது கையை விரித்துவிட்டுப் போனார். மறுபடி போய் விசாரித்தேன். அந்தக் கண்காணிப்பாளர் மாற்றலாகிவிட்டிருந்தார். கோப்பு மேலே இருக்கிறது என்றார்கள். மேலே என்றால் இரண்டாவது மாடி. இரண்டாவது மாடியில், கீழே வந்துவிட்டது என்றார்கள்.

தேர்வு தொடங்க ஒரு வாரம் இருந்தபோது அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்போதுதான் நான் பின்னேற்பு பற்றிச் சொன்னேன். அரசாங்கத்தில் பாதி வேலை இதில்தான் நடக்கிறது: முன்னால் வாங்கவேண்டிய அனுமதியை, வேலையை முடித்துவிட்டுப் பின்னால் வாங்குவது. தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் நினைத்தால், ஆணை வரும் என்ற எதிர்பார்ப்பில், பின்னேற்புக்கு உட்பட்டுக் கூடுதல் நேரமும் எழுத ஆளும் தரலாம். ஆணை வந்துவிட்டால் எல்லாம் முறையானது. வராவிட்டால் அவள் எழுதிய தாள்கள் செல்லாது.

“பாஸ் பண்ணாலும் செல்லாதா?” என்று கேட்டார் அப்பா.

“செல்லாது.”

“சும்மா எல்லாரையும் மாதிரி எழுதினா?”

தங்கை பதில் சொன்னாள். “கணக்கு வந்துடும். தமிழும் இங்கிலீஷும் பாதிகூட முடிக்க மாட்டா.”

அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேத்தில் வேலை செய்து நகக்கண்களில் கரி ஏறிய விரல்கள். “பெரியம்மா, கவுருமென்ட்டுல இருந்தவங்க நீங்க. நீங்க சொல்லுங்க” என்றார்.

எத்தனையோ கோப்புகளில் ‘தக்க முடிவுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதித் தப்பித்திருக்கிறேன். அங்கே சமர்ப்பிக்க மேலே யாரும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

“நைனா, எப்டி எழுதினாலும் பட்டன் தைக்கத்தான் போணும்னா, தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டே போறேனே.”

அப்படியே ஆயிற்று. நான் எழுதிக்கொடுத்த மனுவைப் படித்துவிட்டு, பின்னேற்பு என்ற சொல்லைப் பார்த்ததும் முதன்மைக் கண்காணிப்பாளர் தைரியம் பெற்றார். தனி அறை; ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் எழுதுவதற்கு. தேர்வு முடிந்து வந்த எழுதும் பெண்தான் களைத்திருந்தாள். “மிஸ், அவ மூச்சே விடாம சொல்றா, எனக்குக் கை போச்சு” என்று தங்கையிடம் முறையிட்டாளாம். நம்மவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பத்து வருஷமாகத் தாளில் இறக்க முடியாததை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

மே கடைசியில் முடிவுகள் பத்திரிகையில் வந்தன. அவள் எண் இல்லை. தோல்வியும் இல்லை, பள்ளிக்கு வந்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. அனுமதி ஆணையின் நகலைப் பள்ளி அனுப்பாததால் நிறுத்திவைப்பு.

நான் மறுபடியும் புடவை மாற்றிக்கொண்டு போனேன். முடிவுகள் பிரிவில் கேட்டேன். ஆணையின் நகலைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அனுமதிப் பிரிவில் கேட்டேன். புதிய கண்காணிப்பாளர், மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண், பதிவேட்டைப் பார்த்துவிட்டு உற்சாகமாகச் சொன்னார்: “அந்தக் கோப்பு முடிஞ்சுபோச்சே மேடம். பதிவறைக்குப் போயாச்சு.”

“முடிந்தது என்றால் பதில் போய்விட்டது என்று அர்த்தம். என்ன பதில்?”

“அது கோப்பைப் பார்த்தாத்தான் தெரியும்.”

“பாருங்கள்.”

“பதிவறையிலேர்ந்து எடுக்கணும்னா ஆணையோட எண் வேணும் மேடம்.”

“ஆணை எண் எங்கே இருக்கும்?”

“உங்களுக்கு வந்த கடிதத்துல இருக்கும்.”

நான் எழுந்து அவருக்குக் கைகூப்பினேன். கேலிக்காக அல்ல. இவ்வளவு பூர்த்தியான ஒரு வட்டத்தை என் பணிக்காலம் முழுவதிலும் நான் வரைந்ததில்லை.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கிவிட்டது. தலைமையாசிரியை அறிவியல் பிரிவில் ஓர் இடத்தை யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார். அந்த வாரக் கடைசிவரைதான் முடியும் என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள், ஆனால் பேச்சு குறைந்திருந்தது. அத்தை கம்பெனியில் பேசிவைத்துவிட்டாளாம்.  தங்கை சாதம் பரிமாறும்போது கரண்டி கொஞ்சம் அழுத்தமாகத் தட்டில் விழுந்தது, அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கும்போதே கூவினார்.

“டீச்சர்! இது நீங்களே போட்டது இல்ல, நெசமான தபால்!”

பழுப்பு உறை. அரசு முத்திரை. அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தபால் முத்திரைகள், நீலப் பென்சில் குறிப்புகள், ‘இந்த முகவரியில் இல்லை’, ‘விசாரிக்கவும்’, மறுபடி ‘இல்லை’. தங்கை பிரித்தாள். உள்ளே ஒரே பக்கம். கோரியவாறு கூடுதல் நேரமும் எழுதுபவர் ஒருவரின் உதவியும் அனுமதிக்கப்படுகின்றன. ஆசிரியை அஞ்சல் வழியில் பயிற்சி பெற்றுள்ளமை உறைகளின்வழி ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது. தேதியைப் பார்த்தேன். மார்ச் பதினைந்து. தேர்வுக்கு முன்பே அனுமதி கொடுத்துவிட்டிருந்தார்கள். பின்னேற்பே தேவைப்பட்டிருக்கவில்லை.

தங்கை கடிதத்தை விட்டுவிட்டு உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரவைத் தட்டைப் பார்க்கும் அதே பார்வை.

“அக்கா, நம்ம பின்கோடு கடைசியில இருபத்தெட்டு. இங்க பாரு.”

உறையில் தட்டச்சு செய்திருந்தது எண்பத்திரண்டு. இரண்டும் எட்டும் இடம் மாறிப்போய், கடிதம் வடசென்னையில் எங்கள் தெருவைத் தேடி மூன்று மாதம் அலைந்திருக்கிறது.

“மூணாவது பாடத்துலயே வரும்” என்றாள் தங்கை. “எண்கள இடம் மாத்தி எழுதறது. கொழுப்பு இல்ல.”

அந்தப் பெண் உறையை வாங்கினாள். ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்து, வாய்விட்டு, மெதுவாக, பிழையில்லாமல் படித்தாள். பிறகு நீண்ட நாளைக்குப் பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

“பாவம் டீச்சர், டைப் அடிச்சவருக்கும் எக்ஸ்ட்ரா டைம் குடுக்கச் சொல்லுங்க.”

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் முடிவுகள் பிரிவுக்குக் கிளம்பினாள். நிறுத்திவைத்தது விடுவிக்கப்பட்டது, அவள் தமிழில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியர்கள் அறை தன் நோய்க்குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அந்த அறிவியல் பிரிவு இடம் அவளுக்கே போனது எல்லாம் அந்த வாரத்துக்குள் நடந்து முடிந்தன. அன்று அவர்கள் தெருமுனை திரும்பும் முன், மறக்காமல் அவர்களை நிறுத்தி, கடிதத்தை வாங்கி, பழக்கதோஷத்தால் அதன் வலது மேல் மூலையில் எழுதிக்கொடுத்தேன்: பெறப்பட்ட நாள், 14.6.1999.